வலது காதில் பாட்டு, இடது காதில் கிட்டார்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டது, சுருக்கமாக: "தினமும் பாண்டிக்குப் பஸ்ஸில் வரும்போது நானும் நண்பனும் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பங்குபோட்டுக்கொள்வோம். பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தைப் போட்டால் எனக்குப் பாட்டு மட்டும் கேட்கிறது, அவனுக்கு கிட்டாரும் டிரம்ஸும் மட்டும். இயர்போன் கெட்டுவிட்டதா? அந்த ஆல்பங்களை மோனோவில் பாக்ஸ் செட்டாகப் போட்டிருக்கிறார்களாமே, வாங்கினால் சரியாகுமா? ஏற்கெனவே வந்த பாட்டையே பெட்டியில் அடைத்துத் திரும்பத் திரும்ப விற்பது ஏமாற்று வேலை இல்லையா? தாத்தாவிடம் பழைய இந்தியத் தட்டு ஒன்று இருக்கிறது. அதை என்ன செய்வது?"

தம்பி, இயர்போனுக்கு ஒன்றுமில்லை, தூக்கிப் போட்டுவிடாதே. உன் காதில் இருப்பது வலது பக்கம், நண்பன் காதில் இருப்பது இடது பக்கம், சரிதானே? நாளைக்கு மாற்றி மாட்டிப் பாருங்கள். பாட்டு அவனுக்குப் போய்விடும், வாத்தியம் உனக்கு வந்துவிடும். கூர்ந்து கேட்டால் அவன் பக்கமும் பாட்டு லேசாகக் கசியும்.

1963 பிப்ரவரி 11, திங்கட்கிழமை. லண்டன் அபே ரோடில் இருக்கும் இ.எம்.ஐ. ஸ்டூடியோவுக்குக் காலையில் போன பீட்டில்ஸ் குழுவினர் நாலு பேரும், இரவு பத்தேமுக்காலுக்குக் கிளம்பும்போது பத்துப் பாட்டுகளைப் பதிந்து முடித்திருந்தார்கள். ஏற்கெனவே பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சின்னத் தட்டில், அதாவது சிங்கிளாக, வந்திருந்த நாலு பாட்டையும் சேர்த்துப் பதினாலு. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஆல்பம் அவ்வளவுதான். அவர்களில் ஒருவரான ஜான் லெனனுக்கு அன்று சரியான ஜலதோஷம். தொண்டையைக் கிழித்துப் பாட வேண்டிய 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'டைக் கடைசிக்குத் தள்ளி வைத்தார்கள். முதல் டேக் அமைந்துவிட்டது. இன்னொரு தடவை பாடிப் பார்த்தார், குரல் போய்விட்டது. ஆல்பத்தில் நீ கேட்பது அந்த முதல் டேக்.

அன்றைக்குப் பயன்பட்டது இரண்டே டிராக் கொண்ட டேப். ஒரு டிராக்கில் குரல்கள், இன்னொன்றில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம். அப்படிப் பிரித்தது உனக்கு வலது, உன் நண்பனுக்கு இடது என்று கொடுப்பதற்காக இல்லை. பிறகு உட்கார்ந்து குரலை இவ்வளவு, வாத்தியத்தை இவ்வளவு என்று அளவு பார்த்து ஒன்றாகக் கலக்கத்தான். இட்லிக்கு அரிசியைத் தனியாக, உளுந்தைத் தனியாக அரைக்கிறோம். அதற்காக இரண்டு மாவையும் இரண்டு தட்டில் வைத்து யாரும் பரிமாறுவதில்லை. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் நார்மன் ஸ்மித்தும் எல்லாவற்றையும் ஒரே ஒலியாகக் கலந்து கொடுத்த மோனோதான் அவித்த இட்லி. அதுதான் 1963 மார்ச் 22 அன்று கடைக்கு வந்து, இங்கிலாந்து ஆல்பம் பட்டியலில் 30 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. இடது, வலது என்று இரண்டு ஸ்பீக்கர் உள்ள ஸ்டீரியோ வைத்திருந்த கொஞ்சம் பேருக்காக அடுத்த மாதம் வந்த தட்டில் அரிசி மாவு ஒரு பக்கம், உளுந்து மாவு ஒரு பக்கம். உன் போனில் ஓடுவது அதன் வாரிசு.

'லவ் மீ டூ' கதை இன்னும் வேடிக்கை. அதன் இரண்டு டிராக் டேப்பை அழித்தே விட்டார்கள், மோனோ மட்டும்தான் மிச்சம். அந்தக் காலத்தில் சிங்கிள் வெளியானதும் டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்துவது வழக்கம். அதனால் ஸ்டீரியோ ஆல்பத்துக்கு அந்தப் பாட்டின் மோனோவையே எடுத்து, கீழ்ச்சுருதியை ஒரு பக்கம் தூக்கி, மேல்ச்சுருதியை இன்னொரு பக்கம் தூக்கிப் போலி ஸ்டீரியோ பண்ணினார்கள். 2009-ல் அந்தப் போலியைக் கழற்றிவிட்டு மோனோவாகவே வைத்தார்கள். உன் ஸ்டீரியோ ஆல்பத்திலேயே அந்தப் பாட்டும், அதே சிங்கிளின் மறுபக்கப் பாட்டான 'பி.எஸ். ஐ லவ் யூ'வும் வரும்போது மட்டும் இரண்டு பேருக்கும் எல்லாம் கேட்கும், கவனித்துப் பார்.

இன்னொன்றும் கவனி. தலைப்புப் பாட்டின் ஸ்டீரியோவில், கடைசிச் சரணத்தில் லெனன் வரியை மாற்றிப் பாடிவிடுவார். அடுத்த வார்த்தையில் அந்த அசட்டுச் சிரிப்பு லேசாக எட்டிப் பார்க்கும். மோனோவில் அந்தப் பிசகு இல்லை, ஏனென்றால் அது வேறு டேக். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் ஊருக்குக் கொடுக்க நினைத்தது அது இல்லை.

முதலில் காசில்லாத வைத்தியம். உன் போனில் செட்டிங்க்ஸ், அணுகல்தன்மை என்று போனால் 'மோனோ ஆடியோ' என்று ஒரு பொத்தான் இருக்கும், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும். அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் கலந்து இரண்டு காதுக்கும் வரும். பஸ் சண்டை தீர்ந்தது. அது அசல் மோனோ மிக்ஸ் ஆகிவிடாது, குரலுக்கும் வாத்தியத்துக்கும் அவர்கள் வைத்த அளவும் எதிரொலியும் அப்படியே வராது. ஆனாலும் முதல் ஆல்பத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மோனோ எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளப் பெட்டி வாங்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது பெட்டி. எந்த மறுவெளியீடு வந்தாலும் நான் மூன்று விஷயம்தான் பார்ப்பேன்: எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள், எந்த மிக்ஸ், தட்டாக இருந்தால் டேப்பின் ஒலியைப் பள்ளமாக அதில் வெட்டியது யார். அட்டைப் பெட்டி, போஸ்டர், கெட்டி அட்டைப் புத்தகம் எல்லாம் கல்யாணப் பந்தலின் சீரியல் செட் மாதிரி. 180 கிராம் தட்டு என்று பெரிய எழுத்தில் போடுகிறார்களே, அதுவும் அதே ரகம். கனமான தட்டு கையில் பிடிக்க நன்றாக இருக்கும், கொஞ்சம் வளையாமலும் இருக்கும். காதுக்கு வருவது டேப்பிலிருந்து, எடையிலிருந்து இல்லை.

இந்த மூன்றையும் வைத்து பீட்டில்ஸ் கதையைப் பார். 1987 பிப்ரவரியில் முதன்முதலாக சி.டி. போட்டபோது முதல் நாலு ஆல்பத்தையும் மோனோவில் மட்டும்தான் கொடுத்தார்கள். ஜார்ஜ் மார்ட்டின் இருந்தார், அந்த இரண்டு-பக்க ஸ்டீரியோ அவருக்குப் பிடிக்கவில்லை. சி.டி. என்றாலே ஸ்டீரியோ என்று நினைத்திருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். 2009 செப்டம்பர் 9 அன்று, அபே ரோடில் நாலு வருஷம் உழைத்து எல்லாவற்றையும் புதிதாக மாஸ்டர் செய்து, அதாவது பழைய டேப்பின் ஒலியைச் சீராக்கி, வெளியிட்டபோது ஸ்டீரியோவுக்கு ஒரு பெட்டி, மோனோவுக்கு ஒரு பெட்டி. மோனோப் பெட்டியில் 13 சி.டி. முதல் ஆல்பத்திலிருந்து 1968-ன் வெள்ளை ஆல்பம் வரை, கூடவே சிங்கிள்களுக்கு இரண்டு. ஸ்டீரியோவுக்குக் கொஞ்சம் சத்தத்தை அழுத்தி உயர்த்தினார்கள், மோனோவை அப்படியே விட்டார்கள். அதனால்தான் என் கணக்கில் அந்த மோனோப் பெட்டிக்கு ஒரு மார்க் அதிகம்.

2014 செப்டம்பரில் அதே மோனோ, 14 எல்.பி. தட்டுகளாக வந்தது. 2012-ல் வந்த ஸ்டீரியோ எல்.பி.கள் 2009-ன் டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து வெட்டியவை. அதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் நிறைய. மோனோவுக்கு அந்தக் குறை இல்லை. ஷான் மேகியும் ஸ்டீவ் பெர்கோவிட்சும் 1960-களின் கால் அங்குல மாஸ்டர் டேப்பையே மிஷினில் மாட்டி, நடுவில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல், 1980-களின் நாய்மன் வெட்டும் இயந்திரத்துக்கு நேராக அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் தட்டு வெட்டிய ஹாரி மாஸ் கைப்பட எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் பேஸைத் தொட்டார், எந்த இடத்தில் விட்டார் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். பழைய சமையல்காரர் அடுப்படிச் சுவரில் கரியால் எழுதிவைத்த அளவு மாதிரி. அந்தப் பெட்டியின் உண்மையான மதிப்பு அங்கே இருக்கிறது. ஆனால் அது சீக்கிரம் தீர்ந்துபோய், இப்போது கைமாறும் விலை உன் செமஸ்டர் ஃபீஸைத் தொடும்.

2024 நவம்பர் 22-ல் வந்த பெட்டி வேறு விஷயம், அதன் பேரிலும் மோனோ என்று இருப்பதால் குழப்பும். அது 1964-லும் 1965 தொடக்கத்திலும் அமெரிக்காவில், பெரும்பாலும் கேபிடல் கம்பெனி, வெட்டி ஒட்டி விற்ற ஆல்பங்களின் தொகுப்பு, 7 ஆல்பம், 8 தட்டு. இங்கிலாந்தில் 14 பாட்டு இருந்த ஆல்பங்களைப் பிரித்து, சிங்கிள்களையும் கலந்து, 11, 12 என்று போட்டு ஆல்பங்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள், சில பாட்டுக்கு எதிரொலியையும் சேர்த்தார்கள். அமெரிக்காவில் வளர்ந்தவனுக்கு அது பால்ய காலம். நமக்கு அந்தப் பாசம் எதற்கு? முதலில் வாங்குகிறவன் அதைத் தொட வேண்டாம்.

நீ ஏமாற்று வேலையா என்று கேட்டாய். பாதி ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆனால் மீதிப் பாதிக்குச் சட்டம் ஒரு காரணம், அதை யாரும் பெட்டியில் அச்சிடுவதில்லை. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்கு உரிமை 50 ஆண்டுதான் இருந்தது. அதை 70 ஆக்கினார்கள், 2013-ல் அமலுக்கு வந்தது. ஆனால் ஒரு கொக்கி: 50 ஆண்டுக்குள் வெளியிடாமல் பூட்டி வைத்த பதிவுக்கு அந்த நீட்டிப்பு கிடையாது. உடனே 2013 டிசம்பரில் பீட்டில்ஸ் கம்பெனி 1963-ன் 59 பதிவுகளைச் சத்தமில்லாமல் ஐட்யூன்ஸில் ஏற்றிவிட்டது. ரசிகர்கள் மேல் வந்த திடீர்க் கரிசனம் ஒன்றுமில்லை. வீட்டு வரி கட்டிய ரசீது, அவ்வளவுதான். 1962 அக்டோபரில் வந்த 'லவ் மீ டூ' சிங்கிளோ அந்த நீட்டிப்புக்கு முன்பே 50 முடிந்து, ஐரோப்பாவில் பதிவுரிமை இழந்து நின்றது. நம் நாட்டில் பதிவுக்கு 60 ஆண்டு. 1963-ல் வெளியான தட்டுக்கு 2023 முடிவோடு கணக்கு தீர்ந்தது. உடனே பென் டிரைவில் ஏற்றி விற்கக் கிளம்பாதே. பாட்டையும் மெட்டையும் எழுதியவர்களின் உரிமை தனி, அது கடைசி ஆள் காலமாகி 60 ஆண்டு வரை போகும். லெனனோடு சேர்ந்து பாட்டு எழுதிய பால் மெக்கார்ட்னி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், இருக்கட்டும். பழைய பதிவின் உரிமை கரையக் கரைய, புது ரீமிக்ஸுக்குக் கம்பெனிக்கு ஆசை கூடும். ரீமிக்ஸ் என்றால் புதுப் பதிவு, புதுக் கணக்கு.

அந்த ரீமிக்ஸ் பக்கமும் இப்போது ஒரு வித்தை வந்திருக்கிறது. ஒரே டிராக்கில் அடைந்து கிடக்கும் கிட்டாரையும் டிரம்ஸையும் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்துத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் ஆட்கள் உருவாக்கியது. 2022-ல் 'ரிவால்வர்' ஆல்பத்தில் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் அதைப் பயன்படுத்தினார். 2023-ல் 'ஷி லவ்ஸ் யூ' போன்ற, மோனோ மட்டுமே மிஞ்சிய பாட்டுக்கும் நிஜமான ஸ்டீரியோ கிடைத்தது. கேட்டேன். சாமர்த்தியம்தான், குரல் நடுவில் வந்துவிட்டது, உன் பஸ் பிரச்சினைக்கு நல்ல மருந்து. ஆனால் பழைய மோனோவில் நாலு பேரும் ஒரே மைக்குக்கு முன்னால் முட்டி மோதிக்கொண்டு வருகிற மாதிரி ஒரு நெருக்கடி இருக்குமே, அது இதில் தளர்ந்துவிட்டது. நான் கிழவன், என் காது அப்படிப் பழகிவிட்டது என்றும் வைத்துக்கொள்.

எப்படிப் பழகியது என்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். லீவில் வரும்போதெல்லாம் சென்ட், சீஸ், கூடவே சின்னத் தட்டுகள் வரும். அந்தக் காலத்தில் பிரான்சில் பெரிய தட்டைவிட, பக்கத்துக்கு இரண்டு பாட்டாக நாலு பாட்டு வைத்த 45 தட்டுகள்தான் ஓடும், பளபளவென்று படம் போட்ட கவரோடு. பீட்டில்ஸும் அப்படித்தான் ஓடியோன் லேபிளில் வந்தார்கள். அவர் வீட்டில் தெப்பாஸ் என்ற சூட்கேஸ் மாதிரியான பிளேயர். மூடியைக் கழற்றினால் அந்த மூடியேதான் ஸ்பீக்கர். அந்த ஒற்றை ஸ்பீக்கரைத் திண்ணையில் சுவரோடு சாய்த்து வைப்பார். வலது எங்கே, இடது எங்கே? தெருவில் கோலி விளையாடிக்கொண்டிருந்த எங்கள் அத்தனை பேருக்கும் முழுப் பாட்டும் கேட்டது. மோனோ மிக்ஸ் செய்தவர்கள் மனதில் வைத்திருந்தது இப்படிப்பட்ட ஒற்றை ஸ்பீக்கரைத்தான்.

இப்போது உன் தாத்தாவின் தட்டு. லேபிளிலோ கவரிலோ டம்டம் என்று இருக்கிறதா பார். கொல்கத்தா பக்கத்தில் கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை, இந்தியாவின் எச்.எம்.வி. தட்டெல்லாம் அங்கேதான் அழுத்தியது. டம்டம் பீட்டில்ஸ் தட்டுக்கு வெளிநாட்டிலும் ஆள் இருக்கிறார்கள். ஓட்டைக்கும் லேபிளுக்கும் அப்பால், பாட்டு முடிந்து ஊசி சும்மா ஓடும் வெற்று இடத்தில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அதை வைத்து இங்கிலாந்து அச்சிலிருந்து வந்ததா என்று கண்டுபிடிக்கலாம். விற்காதே. கீறல் இல்லாத மோனோ டம்டம் தட்டு கையில் இருக்கிறவன், அந்த ஒரு ஆல்பத்துக்காகப் பெட்டி வாங்க வேண்டியதில்லை.

ஆனால் தாத்தாவின் பழைய பிளேயரில் அதைப் போடாதே. அந்தக் காலத்துச் செராமிக் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கும் தலை, ஐந்தாறு கிராம் பாரத்தோடு உட்கார்ந்து உழும். இப்போதைய நல்ல கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராம் அளவில்தான். ஸ்டீரியோ ஊசியில் மோனோ தட்டு போட்டால் தட்டு கெடாது, கவலைப்படாதே. மோனோ தட்டில் பாட்டு ஊசியைப் பக்கவாட்டில்தான் ஆட்டும், மேலும் கீழும் ஆடுவதெல்லாம் தூசியும் தேய்மானமும். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்து, மேலும் கீழும் வரும் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு படபடப்பு பாதி குறைந்துவிடும். பொத்தான் இல்லாவிட்டால் இரண்டு ஒயரையும் ஒன்றாக்கும் ஒய்-பின் ஒன்று போதும்.

கழுவுவது பற்றி அனுபவம் பேசுகிறது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவில் கரையேறியது, உங்கள் பக்கம் முந்திரித் தோப்பெல்லாம் படுத்தது உனக்கு ஞாபகம் இருக்காது. எங்கள் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் பறந்து, தட்டு வைத்திருந்த பீரோவின் தலையிலேயே மழை இறங்கியது. கரண்ட் வர நாளானது, அதற்குள் கவரெல்லாம் ஒன்றோடொன்று அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டது. அவசரப்பட்டு உரித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. படம் முழுக்க அடுத்த கவரின் முதுகில் போய் ஒட்டியது. உள்ளே தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வினைல் நனைந்தால் கெடாது, காயவிட்டுக் கழுவினால் பாடும். லேபிள் மட்டும் உப்பிப் போனது. அதில் சேதமில்லாமல் தப்பியவை பிளாஸ்டிக் பைக்குள் இருந்தவை. பிறகு அந்தப் பிளாஸ்டிக்கும் பி.வி.சி.யாக இருந்தால் வருஷக்கணக்கில் தட்டின் மேல் பனி படர்ந்த மாதிரி பூத்துவிடும் என்று பட்டுத் தெரிந்துகொண்டேன், பாலிதீன்தான் வேண்டும். பூஞ்சைக்கு டிஸ்டில்டு வாட்டரில் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம், மெல்லிய பிரஷ்ஷால் பள்ளத்தோடு போகும் திசையில் துடை. லேபிளில் படாமல் பார். தாத்தாவிடம் 78 தட்டு ஏதாவது இருந்தால் ஆல்கஹாலை அதன் பக்கமே கொண்டுபோகாதே, அது அரக்கு, கரைந்துவிடும்.

புயலில் போன கவர்களுக்கு ஆறுதலாகத்தான் 2014 பெட்டியை வரவழைத்தேன். கூரியர்க்காரர் வாசலில் மழையில் வைத்துவிட்டுப் போன கதை தனி, ஒரு மூலை நசுங்கித்தான் வந்தது. பெட்டி வாங்குவதில் இன்னொரு தொல்லை, கடற்கரை ஊர்களில் அட்டை உப்புக் காற்றைக் குடித்து ஊதிக்கொள்ளும். இரண்டு மழைக்காலம் போனால் தட்டை இழுத்து எடுக்கக் கை வலிக்கும். சிலிக்கா ஜெல் போட்டு, நெட்டுக்குத்தாக, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வை. கத்திரி வெயிலில் ஜன்னல் பக்கம் வைத்தால் தட்டு வடை மாதிரி ஆகும்.

உனக்கு என்ன செய்யலாம்? போனில் மோனோ பொத்தானைப் போட்டு முதல் நாலு ஆல்பத்தையும் ஒரு மாதம் கேள். பிடித்தால் 2009 மோனோ சி.டி. செட் பழைய கையில் கிடைக்கிறதா என்று தேடு, முழுசாக வேண்டாம், தனியாக இரண்டு மூன்று கிடைத்தாலும் போதும். எல்.பி. என்றால் 2014 மோனோ தட்டு ஒன்றே ஒன்று, எந்த ஆல்பம் மனதுக்குப் பிடிக்கிறதோ அது. பிங்க் ஃபிளாய்டு என்ற இன்னொரு இங்கிலாந்துக் குழு 2016-ல் போட்ட ஆரம்ப கால 27 தகடு பெட்டி மாதிரியானவை ஏற்கெனவே எல்லா ஆல்பமும் மனப்பாடமானவர்களுக்கு. பரணில் கிடந்த பதிவு, டிவி நிகழ்ச்சி, ஒத்திகை எல்லாம் அதில் இருக்கும். உனக்கு அந்த நாள் வரும், இப்போது இல்லை.

பாண்டி காந்தி ரோடு சண்டே மார்க்கெட்டில் பழைய தட்டு விற்பவர்கள் காலையில் விரித்தவுடனே போனால்தான் ஏதாவது கையில் சிக்கும். தாத்தாவின் தட்டைக் கொண்டுவந்தால் அந்த வெற்று இடத்தில் என்ன பொறித்திருக்கிறது என்று நானே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். தட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் வைத்துக்கொண்டு வராதே, மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு வா.